பயப்படுகிற நாளில்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை எட்டுக் கேள்விகள். எல்லாமே துன்பத்தையும் தைரியத்தையும் பற்றியவை. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: என் கணவருக்கு இன்னும் 12 நாளில் இருதய அறுவை சிகிச்சை. “விசுவாசம் இருக்கிற இடத்தில் பயம் இருக்காது” என்று ஜெபக் கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கோ பாத்திரத்தை எடுத்தால் கை நடுங்குகிறது. அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லையா?

சகோதரி, நீங்கள் கேட்ட அந்த வாக்கியம் வேதத்தில் இல்லை. அதற்கு அருகில் வருகிற வசனம் ஒன்று உண்டு: “பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்” (1 யோவான் 4:18). ஆனால் அதற்கு முந்தின வசனத்தைச் சேர்த்துப் படியுங்கள். யோவான் அங்கே பேசுவது நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி. தேவன் என்னைத் தண்டித்துவிடுவாரோ என்ற பயத்தைத்தான் அன்பு வெளியே தள்ளுகிறது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மனைவிக்கு வருகிற நடுக்கத்தைப் பற்றி அந்த வசனம் ஒன்றும் சொல்லவில்லை.

உங்களுக்கான வசனம் இது: “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” (சங்கீதம் 56:3). பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்று தலைப்பு சொல்கிறது. பயம் போன பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை. ஒரே நாள், ஒரே நெஞ்சு; அதற்குள் பயமும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது.

கெத்செமனேயையும் பாருங்கள். இயேசு “திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்” என்று மாற்கு 14:33 மறைக்காமல் எழுதுகிறது. அவர் அந்தத் திகிலை வைத்துக்கொண்டு என்ன செய்தார்? முதலில், சீஷர்களில் மூன்று பேரை மட்டும் அழைத்துப்போய், என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு, தமக்கு என்ன வேண்டுமோ அதைச் சுற்றி வளைக்காமல் பிதாவிடம் கேட்டார். அவருடைய சித்தத்துக்கும் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஒரே வார்த்தைகளை மூன்று முறை சொல்லி ஜெபித்தார். கடைசியில், “எழுந்திருங்கள், போவோம்” என்றார். அவரிடம் பயமே இருந்ததில்லை என்று சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்த 12 நாளுக்கு அதையே செய்யுங்கள். வாட்ஸ்அப் குழு முழுவதற்கும் சொல்வதற்கு முன்னால், நீங்கள் அழுதால் பதறாத இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து உண்மையைச் சொல்லுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணி நேரம் ஆகும், யார் வந்து தகவல் சொல்வார்கள், ஐசியூவில் எத்தனை நாள், எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும். தெரியாததுதான் பயத்துக்குத் தீனி. சிகிச்சை நாளன்று காத்திருக்கும் இடத்தில் மனம் எதையும் தேடி வாசிக்காது. ஆகவே சங்கீதம் 23, 46, 121 மூன்றையும் பெரிய எழுத்தில் இப்போதே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருகிற தொலைபேசி அழைப்புகளை எடுக்க ஓர் ஆளை நியமியுங்கள். “என்ன ஆச்சு?” என்ற கேள்விக்கு முப்பது முறை பதில் சொல்வதில்தான் பலர் அந்த நாளில் உடைந்துபோகிறார்கள். சாப்பிடவும் செய்யுங்கள், அவர் கண் விழிக்கும்போது பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள்தான்.

கேள்வி: இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. எழுந்து ஜெபித்தால் ஜெபமே கவலையாக மாறிவிடுகிறது. என்ன செய்வது?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் போன் செய்ய முடியாது, எதையும் தீர்க்கவும் முடியாது. மூளை மட்டும் முழு வேகத்தில் ஓடும். அப்போது நம் சொந்த வார்த்தையில் ஜெபிக்கத் தொடங்கினால், “ஆண்டவரே” என்று ஆரம்பித்து அதே கடன் கணக்கைத்தான் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம். ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: கவலையை ஒப்படைக்கிற ஜெபம் மாலையில், இரவில் கடன் வாங்கிய வார்த்தைகள் மட்டும்.

மாலையில், படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம், “நாளை நான் செய்யக்கூடியது”. வலப்பக்கம், “என் கையில் இல்லாதது”. இடப்பக்கத்தில் எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையும் ஒரு நேரமும் இருக்க வேண்டும். “கடன்” என்று எழுதாதீர்கள். “காலை 11 மணிக்குக் கடன் கொடுத்தவரிடம் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்பது” என்று எழுதுங்கள். வலப்பக்கத்தில் உள்ளதை ஒவ்வொன்றாகச் சத்தமாக, ஒரே ஒரு முறை ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு தாளை மடித்து வேதத்துக்குள் வைத்துவிடுங்கள். “உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்று 1 பேதுரு 5:7 சொல்வது இதைத்தான். அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு எறிந்து போடுவது என்று பொருள். எருசலேமுக்குப் போகும் வழியில் சீஷர்கள் கழுதைக்குட்டியின்மேல் வஸ்திரங்களைப் போட்டார்களே, லூக்கா 19:35, அங்கேயும் அதே சொல்தான். துணி இப்போது குட்டியின் முதுகில் இருக்கிறது, போட்டவன் கையில் இல்லை.

விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள், போனைத் தொடாதீர்கள். படுத்தபடியே மூக்கால் மெதுவாக நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். மனதுக்குள் “கர்த்தராகிய இயேசுவே”. ஆறு எண்ணும் வரை விடுங்கள், “என்மேல் இரக்கமாயிரும்”. விடுகிற மூச்சு நீளமாக இருந்தால் படபடப்பு தணியும். கோவிலில் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனின் ஜெபத்திலிருந்து (லூக்கா 18:13) வளர்ந்தது இது. கீழைத் திருச்சபைகள் (ஆர்த்தடாக்ஸ் சபைகள்) பல நூற்றாண்டுகளாக இப்படி ஜெபித்துவருகின்றன. எண்ணுவது மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், வார்த்தை போதும்.

இருபது நிமிடம்போல் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, 4ஆம் சங்கீதத்தை வாய்க்குள் முணுமுணுத்து வாசியுங்கள். எட்டே வசனம். யோசுவா 1:8-இல் “தியானித்துக்கொண்டிருப்பாயாக” என்று இருக்கிற இடத்தில் உள்ள எபிரெயச் சொல்லும் இப்படி வாய்க்குள் முனகுவதையே குறிக்கும். பலர் தவறுவது இங்கேதான்: மனதில் ஏதாவது ‘உணரும்’ வரை அதிகாரம் அதிகாரமாக வாசித்துக்கொண்டே போய், விடியும்போது களைத்துப்போகிறார்கள். வாசித்ததும் மறுபடி படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் ஜெபம் வீணாகவில்லை.

நள்ளிரவில் உடைந்துபோனவர்களில் நீங்கள் தனி ஆள் அல்ல. 1956 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய போதகர் மார்ட்டின் லூதர் கிங்குக்குத் தொலைபேசியில் மிரட்டல் வந்தது. தூக்கம் போய்விட்டது. சமையலறை மேசையில் காப்பியை வைத்துக்கொண்டு, தலையைக் கையில் தாங்கி, நான் பலவீனமாக இருக்கிறேன், தைரியத்தை இழந்துகொண்டிருக்கிறேன் என்று வாய்விட்டு ஜெபித்தார். எழுந்தபோது தொடர்ந்து நிற்பதற்கான பலம் அவருக்குக் கிடைத்திருந்தது. ஆபத்தோ போகவில்லை. மூன்று நாள் கழித்து, மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருக்கையில், அவர் வீட்டில் குண்டு வெடித்தது. இருவரும் தப்பினார்கள். கோபத்தோடு கூடிய கூட்டத்தை அமைதியாக வீடு திரும்பச் சொல்ல அவரால் முடிந்தது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தினமும் கொடுத்த உணவாகிய மன்னா ஆளுக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய இரண்டு லிட்டர் அளவு. நாளைக்கென்று பதுக்கினது பூச்சி பிடித்து நாறியது (யாத்திராகமம் 16:20). தைரியமும் அந்த அளவில்தான் வரும். அடுத்த வருடத்துப் பள்ளிக் கட்டணத்துக்கான தைரியம் இன்று இரவு வராது. வரவில்லையே என்று தேடவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்துகிற வலி, கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, வேர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் கவலைதான் என்று முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஐந்து மாதமாக வேலை இல்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் கோபம்தான் வருகிறது. “ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பி” என்கிறார்கள், வாய் வரவில்லை. ஆண்டவரிடம் கோபப்படலாமா?

தம்பி, 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல். அவற்றை நீக்கிவிட்டால் சங்கீத புத்தகம் கையில் பிய்ந்துவிடும். உங்கள் கோபத்துக்கு வேதத்தில் இடமும் உண்டு, வடிவமும் உண்டு. அந்த வடிவத்தைக் கற்றுக்கொண்டால் போதும்.

13ஆம் சங்கீதத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஆறு வசனம். முதல் இரண்டு வசனத்தில் “எதுவரைக்கும்” என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” இது மரியாதைக் குறைவு அல்ல, “கர்த்தாவே” என்று கூப்பிட்டுத்தான் கேட்கிறான். 3, 4ஆம் வசனங்களில் வேண்டுதல்: நோக்கிப்பாரும், என் கண்களைத் தெளிவாக்கும். 5, 6இல் நம்பிக்கை. ஆக நான்கு பகுதி: கூப்பிடுதல், முறையீடு, வேண்டுதல், நம்பிக்கை.

ஒரு தாள், ஒரு பேனா, 15 நிமிடம். கூப்பிடுதலுக்கு ஒரு வரி போதும். முறையீட்டுக்கு நான்கைந்து வரி கொடுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். “எல்லாம் இருட்டாக இருக்கிறது” என்று பொதுவாக எழுதினால் மனம் இறங்காது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இப்படி:

“ஆண்டவரே, மூன்று நேர்முகத் தேர்வு போய்வந்தேன். ஒருவரும் பதில்கூடப் போடவில்லை. எதுவரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்? மகளின் செருப்பு அறுந்துவிட்டது. எனக்குத் தெரியக் கூடாது என்று ஊக்குப் போட்டு மாட்டிக்கொண்டு போகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நீர் ஏன் சும்மா இருக்கிறீர்?”

அந்த ஊக்கு வரைக்கும் எழுத வேண்டும். அதுதான் ஜெபம்.

வேண்டுதலில் ஒன்றோ இரண்டோ மட்டும், நடந்ததா இல்லையா என்று பிறகு பார்க்கத் தக்கதாக: “வியாழக்கிழமை வருகிற அழைப்பில் நாக்குக் குழறாமல் பேச உதவும்.” கடைசியில் நம்பிக்கைக்கு ஒரே வரி. அது வரப்போவதைப் பற்றிய வீரவசனமாக இருக்க வேண்டாம். ஏற்கெனவே நடந்த, உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு நன்மையாக இருக்கட்டும். 13ஆம் சங்கீதம் முடிவதும் அப்படித்தான்: “கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்.”

அந்த வரி வரவே இல்லையென்றால்? காலியாக விடுங்கள். 88ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பமே கிடையாது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் “இருள்”. அதையும் சபை வேதத்திலிருந்து நீக்கவில்லை. 18 வசனத்தையும் ஜெபமாக வைத்திருக்கிறது.

எழுதியதை, தனியாக இருக்கும்போது, சத்தமாக வாசித்துத் தேதி போட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை போதும். தினமும் எழுதினால் புண்ணைக் கிளறுவதாகிவிடும். முறுமுறுப்புக்கும் புலம்பலுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்பார்கள். இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள் என்கிறது உபாகமம் 1:27. அவர்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். புலம்புகிறவன் தேவனிடமே பேசுகிறான். சத்தம் ஒன்றாக இருக்கலாம். முகம் திரும்பியிருக்கிற திசை வேறு.

எரேமியாவின் புலம்பலையும் ஒரு நாள் உட்கார்ந்து வாசியுங்கள். முதல் நான்கு அதிகாரங்கள் 22 எபிரெய எழுத்துகளின் வரிசையிலேயே அமைந்தவை. அகர முதலாகக் கடைசி எழுத்து வரை துக்கத்தைச் சொல்லித் தீர்ப்பதுபோல. “அவைகள் காலைதோறும் புதியவைகள்” என்று நாம் பாடுகிற வரி அந்தப் புத்தகத்தின் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு அதிகாரம் அழுகை உண்டு. நம்பிக்கை வந்ததும் அழுகை நின்றுவிட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

கேள்வி: “திராணிக்கு மேலாகத் தேவன் சோதிக்கமாட்டார்” என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். என் திராணி எப்போதோ முடிந்துவிட்டது. நாம் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கர்த்தர் கொடுப்பார் என்கிற எரேமியா 29:11ஐயும் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது. ஒன்றும் மாறவில்லை.

இரண்டு வசனங்களும் உண்மையானவை. உங்களுக்குச் சொல்லப்பட்ட விதம்தான் சரியில்லை.

திராணியைச் சொல்கிற முதல் வசனம், 1 கொரிந்தியர் 10:13, பேசுவது பாவத்துக்கு இழுக்கிற சோதனையைப் பற்றி. முன்னால் உள்ள வசனங்களில் விக்கிரகாராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு. அடுத்த வசனம் “விக்கிரகாராதனைக்கு விலகியோடுங்கள்”. தமிழில் துன்பத்துக்கும் ‘சோதனை’, பாவத் தூண்டுதலுக்கும் ‘சோதனை’ என்று ஒரே சொல் நிற்பதால் குழப்பம் எளிதில் வந்துவிடுகிறது. பாரத்தைப் பற்றி அதே பவுல் அதே சபைக்கு என்ன எழுதினார் பாருங்கள்: “பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம் எங்களுக்கு உண்டாயிற்று” (2 கொரிந்தியர் 1:8). பலத்துக்கு மிஞ்சியது என்று அப்போஸ்தலனே ஒப்புக்கொள்கிறார். தன்மேல் அல்ல, மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் சாய்வதற்கு அது தள்ளியது என்று அடுத்த வசனத்தில் சொல்லி, 11ஆம் வசனத்தில் மற்றவர்களுடைய ஜெப உதவியையும் நாடுகிறார். உங்கள் திராணி முடிந்துவிட்டது என்றால் நீங்கள் தோற்றுவிட்டதாகப் பொருள் இல்லை. தூக்குவதற்கு இன்னொரு தோள் வேண்டும், அவ்வளவுதான்.

எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்டவர்களுக்கு எழுதியது. 11ஆம் வசனத்துக்கு முந்தினதில் “எழுபது வருஷம்” இருக்கிறது. சீக்கிரமே திரும்பிவிடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்த தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம் என்பதே அந்தக் கடிதத்தின் நோக்கம். அதுவரை என்ன செய்யச் சொன்னார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கலியாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் (5 முதல் 7 வரை). அந்த வாக்குத்தத்தத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் 5ஆம் வசனத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். “இது மாறும்வரை” என்று தள்ளிப்போட்ட ஒரு காரியத்தை இந்த வாரமே தொடங்குங்கள்: பல் வலிக்கு டாக்டரைப் பார்ப்பது, ஒரு செடி நடுவது, நின்றுபோன படிப்பு.

கேள்வி: எனக்குப் புற்றுநோய். நோய்க்காக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா?

வேண்டாம் அம்மா. 1 தெசலோனிக்கேயர் 5:18 “எல்லாவற்றிலேயும்” ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்கிறது, எல்லாவற்றுக்காகவும் என்று சொல்லவில்லை. நோயில் இருந்துகொண்டு நன்றி சொல்லலாம்: வலி குறைந்த ஒரு மணி நேரத்துக்காக, தண்ணீர் எடுத்துத் தந்த கைக்காக. நோய்க்கு நன்றி சொல்லும்படி உங்களை யாராவது வற்புறுத்தினால், லாசருவின் கல்லறை முன்னால் இயேசு கண்ணீர்விட்டார் என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

கேள்வி: 24 வயது மகனுக்கு மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மூன்று வாரம் ஆகிறது, பெரிய மாற்றம் இல்லை. “மாத்திரையை விட்டுவிட்டு விசுவாசத்தில் நிற்கட்டும்” என்று ஜெபக் குழுவில் சொல்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு வாரமோ அதற்கு மேலோ கூட ஆகலாம். தூக்கமும் பசியும் முதலில் சரியாகி, மனம் கடைசியில் தெளிகிறவர்கள் உண்டு. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். பலன் போதவில்லை என்று பட்டால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றுவதா மருந்தையே மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

வேதம் இதில் நமக்கு நல்ல முன்மாதிரி தருகிறது. எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்டான். தேவன் பிரசங்கம் பண்ணவில்லை. கடிந்துகொள்ளவும் இல்லை. தூதன் தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டான். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றுதான் சொன்னான் (1 இராஜாக்கள் 19:7). தூக்கம், ஆகாரம், மறுபடி தூக்கம், மறுபடி ஆகாரம். அதற்குப் பிறகு 40 நாள் நடை. அப்புறம்தான் ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் நாம் செய்கிற தவறு. சாப்பிடாத பிள்ளையை உபவாச ஜெபத்துக்கு இழுத்துப்போகிறோம்.

விசுவாசக் குறைவால்தான் இந்த நோய் வருகிறது என்று சொல்கிறவர்களுக்கு இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனைக் காட்டுங்கள். 1856 அக்டோபர் 19 அன்று லண்டனில் அவர் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ “தீ” என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது 22 வயது. அந்த அடியிலிருந்து அவர் மனம் முழுமையாக மீளவில்லை. மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் வந்து வந்து போயிற்று. அதை மறைக்காமல் மற்ற ஊழியர்களிடம் பேசினார், ஊழியத்தையும் தொடர்ந்தார். பவுலோடு இருந்தவன் “பிரியமான வைத்தியனாகிய லூக்கா” என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: மாத்திரை நேரத்தை ஒரே நேரமாக வைத்தல், பகலில் அரை மணி நேரம் வெளிச்சத்தில் உடன் நடத்தல், ஜெபத்தை அவனுக்காக நீங்கள் செய்தல். அவனால் ஜெபிக்க முடியவில்லை என்றால் ஒரு வசனம் வாசித்து, தலையில் கைவைத்து, ஒரு நிமிடத்தில் முடியுங்கள். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்தார்கள். “அவர்கள் விசுவாசத்தை” கண்டுதான் இயேசு பேசினார் (மாற்கு 2:5).

“நான் இல்லாவிட்டால் நல்லது” என்ற தோரணையில் மகன் பேசினால், சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, கயிறு போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். ஜெபக் கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: நெருங்கிய சிநேகிதியின் குழந்தை இறந்துவிட்டது. போய்ப் பார்க்கப் பயமாக இருக்கிறது. என்ன சொல்வது?

யோபுவின் மூன்று சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்ததிலேயே சிறந்தது அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் தேவனே அவர்களைக் கடிந்துகொண்டார்.

போங்கள் சகோதரி. முதல் முறை இருபது நிமிடம் போதும். பக்கத்தில் உட்காருங்கள். குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள். பெயரை எல்லோரும் தவிர்ப்பது தாய்க்குப் பெரிய வேதனை. “எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை, உன்னோடு இருக்க வந்தேன்” என்பது போதுமான பேச்சு. “ஆண்டவருக்கு ஒரு பூ தேவைப்பட்டது”, “இன்னொரு பிள்ளை கொடுப்பார்”, “ஏதோ நோக்கம் இருக்கும்” ஆகிய மூன்றையும் வாயில் எடுக்காதீர்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள், நான்கு வாக்கியத்துக்குள். “ஏதாவது வேண்டுமென்றால் சொல்” என்று அவள்மேல் வேலை சுமத்தாமல், “நாளை மதியம் சாப்பாடு கொண்டுவருகிறேன்” என்று நீங்களே சொல்லுங்கள்.

அடக்க நாளில் வீடு நிறைந்திருக்கும். காலியாவது மூன்றாம் மாதம். குழந்தையின் பிறந்த நாளையும் இறந்த நாளையும் உங்கள் நாள்காட்டியில் இப்போதே குறித்து வைத்து, அந்த நாட்களில் போங்கள்.

கேள்வி: தொழில் நொடித்துப்போனது. வெட்கத்தால் நான்கு மாதமாக ஆராதனைக்குப் போகவில்லை. வீட்டிலேயே ஜெபிக்கிறேன், ஆனால் தைரியம் வரவில்லை.

தனியாக வருவது கடினம் ஐயா. “பலங்கொண்டு திடமனதாயிரு” என்று யோசுவாவுக்குக் கர்த்தர் சொன்னது மூன்று முறை. முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் அதையே ஜனங்கள் அவனுக்குச் சொல்கிறார்கள். மனிதர் வாயிலிருந்தும் அதைக் கேட்க வேண்டியிருந்தது. மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்பவனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள், சூரியன் அஸ்தமிக்கும்வரை. “நான் ஒருவன்மாத்திரம்” என்று சொன்ன எலியாவுக்கு, 7000 பேர் இருக்கிறார்கள் என்று தேவன் எண்ணிக்கை சொன்னார்.

திரும்பிப் போவதைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். போதகரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ முன்கூட்டியே போனில் நடந்ததைச் சொல்லி, வாசலில் சந்திக்கச் சொல்லுங்கள். தனியாக உள்ளே நுழைகிற அந்தப் பத்தடிதான் கடினம். “ரொம்ப நாளாகக் காணோமே?” என்பவர்களுக்கு ஒரு பதிலை வீட்டிலேயே தயார் செய்து சொல்லிப் பாருங்கள்: “கஷ்டமான காலம், ஜெபித்துக்கொள்ளுங்கள். இன்று அதைப்பற்றிப் பேச வேண்டாம்.” பாட்டுக்கு வாய் திறக்காவிட்டால் மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் நின்றால் போதும். காணிக்கைப் பை வரும்போது கை காலியாக இருந்தால் தலைகுனிய வேண்டாம், அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் ஞாயிறு கடைசி வரிசையில், கதவோரமாக உட்காருங்கள். ஆசீர்வாத ஜெபம் முடியும்வரை இருந்துவிட்டு, யாரிடமும் நின்று பேசாமல் கிளம்பிவிடலாம். இரண்டாம் ஞாயிறு அந்த ஒருவரோடு மட்டும் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.